80 ஜி.பி. கோப்பு காப்பி ஆகவில்லை என்றால் 80 ஜி.பி.யும் போய்விட்டது என்று அர்த்தமில்லை

மணலியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆபீஸ் மெஷினில் 1 டி.பி. ஹார்டு டிஸ்க். அதில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் சாஃப்ட்வேர்) விண்டோஸ் எக்ஸ்பி, அதற்குள் பழைய புக்கிங் சாஃப்ட்வேர். எழுதிக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை, புது விண்டோஸில் அது ஓடாது. நான்கு நாளாக மெஷின் அடிக்கடி உறைந்து நிற்கிறது, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம். அந்த எக்ஸ்பி முழுவதும் அடங்கிய 80 ஜி.பி. வி.டி.ஐ. கோப்பை வெளி டிஸ்க்குக்குக் காப்பி போட்டால் 38 சதவீதத்தில் ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்ற படிப்புப் பிழையோடு நின்றுவிடுகிறது. ஆறு முறை போட்டுப் பார்த்தாயிற்று. விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டலாமா, ரெக்கவரி சாஃப்ட்வேர் ஏதாவது வாங்கலாமா என்பது கேள்வி.

தம்பி, இரண்டும் வேண்டாம். ஏழாவது முறை காப்பியும் வேண்டாம். முதல் வேலையாக மெஷினை ஷட் டவுன் செய்து, அந்த டிஸ்க்கின் இரண்டு கேபிளையும் கழற்றி வையுங்கள். ஓடாத டிஸ்க் மேலும் கெடாது. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் கணக்கில் கழிகிறது.

38 சதவீதத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். அங்கே ஒரு செக்டரை, அதாவது டிஸ்க் டேட்டாவை எழுதும் மிகச் சிறிய அலகை, டிஸ்க்கால் படிக்க முடியவில்லை. வீட்டு உபயோக டிஸ்க்குகள் அதோடு விடாது. ஒரே இடத்துக்குப் படிக்கும் முனையான ஹெட்டைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய்ப் பல வினாடிகள் முயலும். அது கைவிட்டதும் விண்டோஸ் தன் பங்குக்கு இன்னும் சில முறை கேட்கும். கடைசியில் காப்பி வேலையையே நிறுத்தி, அதுவரை வந்த 30 ஜி.பி.யையும் அழித்துவிடும். ஆறு முறை முயன்றபோது ஆறு முறையும் ஏற்கெனவே நொந்துபோன அதே இடத்தில்தான் ஹெட் போய் இடித்திருக்கிறது.

ஆனால் அங்கே கெட்டிருப்பது எவ்வளவு? இப்போதைய டிஸ்க்குகள் பெரும்பாலும் 4,096 பைட் அளவுள்ள செக்டர்களாகத்தான் தகட்டில் எழுதுகின்றன. 80 ஜி.பி.யில் அப்படி 2 கோடிக்கு மேல் இருக்கும். அதில் ஒன்று கெட்டதற்காக மிச்சத்தையும் விண்டோஸ் கொடுக்க மறுக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றையும் பாருங்கள். வி.டி.ஐ. என்பது வெளியிலிருந்து பார்த்தால்தான் ஒரே கோப்பு. உள்ளே அது முழு ஹார்டு டிஸ்க். எக்ஸ்பியின் ஆயிரக்கணக்கான கோப்புகள், வால்பேப்பர்கள், அச்சு டிரைவர்கள், காலியிடம், இவற்றுக்கு நடுவில் எங்கோ உங்கள் புக்கிங் கணக்கு. கெட்ட செக்டர் காலியிடத்தில் விழுந்திருந்தால் நஷ்டம் ஒன்றுமே இல்லை. எக்ஸ்பியின் ஏதோ ஒரு எழுத்துருவில் விழுந்திருந்தாலும் கவலையில்லை. ஆகவே விர்ச்சுவல் மெஷின் கோப்பை கோப்பாக நினைத்து மீட்கப் பார்க்கக் கூடாது. டிஸ்க்காக நினைத்து, செக்டர் செக்டராக அள்ள வேண்டும்.

செக்டிஸ்க்கை ஏன் இவ்வளவு அழுத்தமாக வேண்டாம் என்கிறேன் என்றால், அதன் வேலை உங்கள் டேட்டாவைக் காப்பாற்றுவது இல்லை, ஃபைல் சிஸ்டத்தின் கணக்கை நேராக்குவது. ஒரு கோப்பின் பதிவு படிக்க முடியாமல் போனால் அந்தக் கோப்பையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சத்தை ‘ஃபவுண்ட்.000’ என்ற ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகளாகப் போடும். இதையெல்லாம் அது சாகிற டிஸ்க்கின் மேலேயே எழுதிச் செய்யும். கூடவே கெட்ட செக்டர் தேடும் ஆப்ஷனையும் சேர்த்தால் முழு டிஸ்க்கையும் ராத்திரி முழுக்க உழுதெடுக்கும்.

சில வருஷத்துக்கு முன் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் இதைக் கண்ணால் பார்த்தேன். தீபாவளிக்கு மூன்று வாரம். ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய கணக்குகளும் பாக்கிகளும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற வி.எம்.வேரில் ஓடிய ஒரு எக்ஸ்பிக்குள் இருந்தன. பக்கத்தில் ஒருவர் வந்து செக்டிஸ்க் போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் போகும்போது விர்ச்சுவல் டிஸ்க்கின் இரண்டிரண்டு ஜி.பி. துண்டுகளில் ஏழாவதைக் காணவில்லை. அந்தக் கதைக்குத் திரும்ப வருகிறேன்.

உங்கள் டிஸ்க்குக்கு வருவோம். லினக்ஸில் பூட் ஆகும் பென் டிரைவ் ஒன்று தயார் செய்யுங்கள். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் வகை என்றால் தேவையானவை உள்ளேயே இருக்கும். உபுண்டுவும் போதும், ஆனால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் கருவியையும் செக்டர்களை அள்ளும் டி.டி.ரெஸ்க்யூவையும் தனியாகப் போட வேண்டும். பழைய டிஸ்க்கை விண்டோஸ் மெஷினில் மாட்டாதீர்கள். மாட்டிய உடனே அது டிஸ்க்கை மவுண்ட் செய்து, அதாவது திறந்துகொண்டு, படித்து, எழுதி, ‘ஸ்கேன் செய்யட்டுமா’ என்று கேட்கத் தொடங்கிவிடும். யு.எஸ்.பி. கேஸும் வேண்டாம். நேராக மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் செருகுங்கள். யு.எஸ்.பி. சிப்புகளில் பல, படிப்புப் பிழை வந்தால் இணைப்பையே துண்டித்துக்கொள்ளும்.

முதலில் ஸ்மார்ட் கணக்கைப் பாருங்கள். நான்கு எண்கள் போதும். 5 என்பது ஏற்கெனவே ஒதுக்கி மாற்றப்பட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை. 198 என்பது மீட்க முடியாதவை. 199 மட்டும் வேறு ஜாதி. அது கேபிளில் வரும் பிழை. 199 ஏறிக்கொண்டே போய், மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க்கில் கோளாறு இல்லாமலே இருக்கலாம், சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். காலடிப்பேட்டை, எண்ணூர் பக்கம் கடலோரத்து ஆபீஸ்களில் கேபிள் முனை பச்சை பூத்துப் போயிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். உப்புக் காற்று அப்படி. ஆனால் உங்களுக்கு டிக் டிக் சத்தமும் இருக்கிறது. 197-ல் பெரிய எண்ணை எதிர்பார்த்தே போங்கள்.

சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். டிஸ்க் அடையாளம் தெரிகிறது, சரியான கொள்ளளவு காட்டுகிறது, படிக்கும்போது மட்டும் இடையிடையே தட்டுகிறது என்றால் நீங்களே முயலலாம். கரன்ட் கொடுத்ததும் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே இருந்து, அடையாளமே தெரியவில்லை என்றாலோ, உரசுகிற சத்தம் வந்தாலோ, கீழே விழுந்த டிஸ்க் என்றாலோ அந்த நிமிடமே நிறுத்திவிட்டு டேட்டா மீட்கும் லேபுக்குக் கொண்டுபோங்கள். வெள்ளத் தண்ணீர் குடித்த டிஸ்க்கும் அப்படித்தான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பலர் டிஸ்க்கை வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்த்தார்கள். காய்ந்த சேறு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். ஹெட் தகட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. ஒரு தூசித் துகள் அதைவிடப் பல மடங்கு பெரிது. நனைந்த டிஸ்க்கைக் காயவிடாமல் பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி அப்படியே லேபில் கொடுப்பதுதான் சரி. அதே காரணத்துக்காக மேசை மேல் வைத்து மூடியைத் திறக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கும் வைத்தியமும் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே எடுத்த மறுநொடி உள்ளும் புறமும் வியர்த்துவிடும்.

‘ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு கிடைக்கிறது, மாற்றினால் ஓடும்’ என்று யாராவது சொல்வார்கள். பழைய காலத்து டிஸ்க்குகளில் நடந்தது. இப்போது ஒவ்வொரு டிஸ்க்கின் போர்டிலும் அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் ஒரு சிறிய சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பையும் சாலிடர் செய்து மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. எப்படியும் உங்கள் சிக்கல் போர்டில் இல்லை.

இப்போது அள்ளும் வேலை. புது டிஸ்க் 2 டி.பி. வாங்குங்கள். 1 டி.பி. டிஸ்க்கின் முழு இமேஜ், அதாவது செக்டர் செக்டராக எடுத்த நகல், இருக்க வேண்டும், அதற்குப் பிறகு வி.டி.ஐ.யை இன்னொரு காப்பி எடுத்து வேலை பார்க்கவும் இடம் வேண்டும். அதை என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ட்4-ஆக ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32-ல் 4 ஜி.பி.க்கு மேல் ஒரு கோப்பு நிற்காது.

கருவி டி.டி.ரெஸ்க்யூ. இலவசம், 2004 முதல் இருக்கிறது, பணம் கொடுத்து வாங்கும் பலவற்றைவிட நம்பகமானது. அதன் அறிவு இதுதான்: நல்ல இடங்களை முதலில் வேகமாக அள்ளிக்கொள்ளும், கெட்ட இடம் வந்தால் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகும், தாண்டிய இடங்களை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்ளும், எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்து அவற்றைத் துருவும். நடுவில் கரன்ட் போனாலும் மேப் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் கோப்பு கொடுக்காமல் ஓட்டுவதும் ஓட்டாமல் இருப்பதும் ஒன்றுதான். அதை நல்ல டிஸ்க்கில் வையுங்கள்.

கட்டளை அடிக்கும் முன் ஒரு காரியம். இரண்டு டிஸ்க்கின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒன்றில் ‘பழசு’, மற்றதில் ‘புதுசு’ என்று பேனாவால் எழுதி, லேபிளில் உள்ள சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்தையும் குறியுங்கள். பிறகு ஸ்மார்ட் கருவி திரையில் காட்டும் சீரியல் நம்பரோடு ஒத்துப்பாருங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர், ரீஸ்டார்ட் செய்தால் இடம் மாறலாம். மூலமும் இலக்கும் தலைகீழானால் காலி டிஸ்க்கை எடுத்து உங்கள் கணக்கின் மேல் எழுதிவிடும். நான் இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறேன். இன்றைக்கும் டேப் ஒட்டாமல் எண்டர் தட்டியதில்லை.

முதல் ஓட்டத்தில் சிறிய எழுத்து ‘என்’ (n) ஆப்ஷன் போடுங்கள், துருவும் வேலையைத் தள்ளிவைக்கும். நல்ல டிஸ்க் என்றால் வினாடிக்கு 100 எம்.பி. வேகத்தில் 1 டி.பி. மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். நோயாளி டிஸ்க்குக்கு ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். திரையில் ‘கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரம்’ என்று ஒரு வரி ஓடும், அதில் கண் வையுங்கள். அது நிமிடக் கணக்கில் ஏறினால் நிறுத்தி, டிஸ்க்கை ஆறவிட்டு, ‘ஆர்’ என்ற பெரிய எழுத்து ஆப்ஷனோடு பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொல்லுங்கள். ஒரு டேபிள் ஃபேனை டிஸ்க்குக்கு நேராக வையுங்கள். டிஸ்க் தட்டையாக, அசையாத மேசையில் இருக்கட்டும். யு.பி.எஸ். கட்டாயம். இரண்டாம் ஓட்டத்தில் ‘என்’னை எடுத்துவிட்டு, டிஸ்க்கை நேராகப் படிக்கச் சொல்லும் சிறிய எழுத்து ‘டி’ (d) ஆப்ஷனும் மூன்று முறை மறுமுயற்சியும் கொடுங்கள். அதற்கு மேல் பேராசை வேண்டாம். 99.9 சதவீதம் வந்துவிட்ட டிஸ்க்கை மிச்சத் துளிக்காக ஒரு வாரம் அடிப்பதில் புண்ணியமில்லை, அந்தத் துளி காலியிடமாகவே இருக்கலாம்.

இமேஜ் வந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இமேஜைப் படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்து விர்ச்சுவல் மெஷினின் முழு ஃபோல்டரையும் வெளியே எடுங்கள். வி.டி.ஐ. மட்டும் போதாது. பக்கத்தில் ‘வி.பாக்ஸ்’ என்ற அமைப்புக் கோப்பு இருக்கும், அது கெட்டிருந்தால் ‘வி.பாக்ஸ்-பிரீவ்’ என்று முந்தைய நகலும் இருக்கும். ‘ஸ்னாப்ஷாட்ஸ்’ ஃபோல்டர் இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். எப்போதாவது ஸ்னாப்ஷாட் (விர்ச்சுவல் மெஷினின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது) எடுத்திருந்தால் அன்றைக்குப் பிறகு போட்ட புக்கிங் எல்லாம் பெரிய வி.டி.ஐ.யில் இல்லை, அந்த ஃபோல்டருக்குள் நீளமான பெயருள்ள கோப்பில்தான் இருக்கும். இது தெரியாமல் பெரிய கோப்பை மட்டும் புது மெஷினில் மாட்டி ஸ்டார்ட் செய்தால் இரண்டு வருஷம் பழைய எக்ஸ்பி எழுந்திருக்கும். அது எழுந்து நான்கு வரி எழுதிய பிறகு ஸ்னாப்ஷாட் கோப்பு அதோடு பொருந்தாது. ஆகவே எதையும் ஸ்டார்ட் செய்யும் முன் ஃபோல்டரை இன்னொரு காப்பி எடுத்து, காப்பியில்தான் கை வைக்க வேண்டும். ‘இந்த யு.யு.ஐ.டி. (டிஸ்க் கோப்பின் அடையாள எண்) ஏற்கெனவே இருக்கிறது’ என்று விர்ச்சுவல்பாக்ஸ் மறுத்தால், ஸ்னாப்ஷாட் இருக்கும் பட்சத்தில் புது யு.யு.ஐ.டி. கொடுக்காதீர்கள், பெரிய கோப்பையும் ஸ்னாப்ஷாட்டையும் இணைக்கும் சங்கிலி அறுந்துவிடும். பழைய பதிவை அதன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வி.டி.ஐ.யில் மோசமான இடம் ஒன்று உண்டு, அதன் தொடக்கம். உள்ளே டேட்டா சேரச் சேர வளரும் வகை வி.டி.ஐ. தன் உள்ளடக்கத்தை 1 எம்.பி. கட்டங்களாக வைத்திருக்கும். எந்தக் கட்டம் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை முன்பக்கத்தில் இருக்கும், ஒரு கட்டத்துக்கு 4 பைட். 80 ஜி.பி.க்கு 81,920 கட்டம், அட்டவணை மொத்தமே 320 கே.பி. ஆனால் அதில் ஒரு 4,096 பைட் செக்டர் போனால் 1,024 கட்டங்களுக்கு முகவரி போனது. அதாவது 1 ஜி.பி. இதுவும் முழு நஷ்டமில்லை. கட்டங்கள் கோப்புக்குள்ளேயேதான் இருக்கின்றன, மற்ற முகவரிகளில் வராத எண்கள் எவை என்று பார்த்தால் தொலைந்தவை எவை என்று தெரிந்துவிடும். வரிசையைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும், அந்த வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். மற்றபடி கெட்ட இடம் கோப்பின் நடுவில் என்றால் மேலே சொன்னபடி சில ஆயிரம் பைட்தான். உங்களுக்கு 38 சதவீதத்தில் என்பது இந்த வகையில் நல்ல செய்தி.

அழிந்த கோப்புகளைத் தோண்டி எடுக்கும் சாஃப்ட்வேர்கள் இங்கே ஏன் உதவாது என்பதற்கும் இதே அமைப்புதான் காரணம். வளரும் வி.டி.ஐ. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது, டிஸ்க்கில் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். தலைப்பைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடர்ச்சியாக 80 ஜி.பி.யை வாரும் சாஃப்ட்வேர் போட்டோக்களை மீட்கும், இதை மீட்காது.

எம்.சி. ரோட்டு கடைக்கு வருகிறேன். இமேஜ் எடுத்து முடித்த காலை, புடவைக் கட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து ‘ஃபவுண்ட்.000’ ஃபோல்டரைத் திறந்தேன். பெயரில்லாத துண்டுகள் நூற்றுக்கு மேல். வி.எம்.வேரின் வளரும் வகைத் துண்டு ஒவ்வொன்றும் ‘கே, டி, எம், வி’ என்ற நான்கு எழுத்தோடு தொடங்கும். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் ஒவ்வொன்றின் முதல் வரியை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றே ஒன்றில் அந்த நான்கு எழுத்து. காப்பி எடுத்து ஏழாவது துண்டின் பெயரை வைத்ததும் சங்கிலி சேர்ந்தது. கோப்பு பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டும் பூட்டு ஃபோல்டர் ஒன்று குறுக்கே நின்றது, அதை நீக்கினேன். எக்ஸ்பி எழுந்தது, அது கேட்ட செக்டிஸ்க்கை அப்போது ஓடவிட்டேன். காப்பியின் மேல் ஓடுவதால் பயமில்லை.

சாஃப்ட்வேர் திறந்தது, ஆனால் பில் பட்டியலில் ஓரிடத்தில் வெற்று வரிகள். எந்தக் கோப்பில் ஓட்டை என்று கண்டுபிடிக்க டி.டி.ரெஸ்க்யூவிலேயே வழி இருக்கிறது. இமேஜின் இன்னொரு காப்பியில், படிக்க முடியாத இடங்களை மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லலாம். பிறகு விர்ச்சுவல் மெஷினில் ஓடும் விண்டோஸுக்குள் அந்தச் சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடினால் போதும். அகப்பட்டது ஒரு டி.பி.எஃப். கோப்பு. ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸில் எழுதிய பழைய சாஃப்ட்வேர்களின் டேட்டா இந்த வகைதான், உங்களுடையதும் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். இதில் ஒவ்வொரு பதிவும் ஒரே நீளம், ஆகவே ஓட்டை விழுந்த இடத்துப் பதிவுகள் மட்டும்தான் போகும், அதற்குப் பின்னால் உள்ளவை இடம் மாறாது. இண்டெக்ஸ் கோப்பு கெட்டால் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். போனது இருபத்திரண்டு பில். கடைக்காரர் பரணிலிருந்து கார்பன் பில் புக்கை இறக்க, அவர் மகள் நம்பரும் தொகையும் வாசிக்க, மத்தியானச் சாப்பாட்டுக்குள் தட்டச்சு செய்து முடித்தோம். உங்கள் ஆபீஸிலும் புக்கிங் ரசீதின் அடிக்கட்டை இருக்கும். அதை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

லேபுக்குப் போக வேண்டி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். முதலில் இமேஜ் எடுப்பீர்களா, என் டிஸ்க்கை அப்படியே திருப்பித் தருவீர்களா, டேட்டா வராவிட்டால் எவ்வளவு பணம். கூடவே ‘எனக்கு வேண்டியது இந்த ஒரு ஃபோல்டர்தான்’ என்று அதன் முழுப் பாதையையும் எழுதிக் கொடுங்கள். முழு டிஸ்க்கைத் துருவுவதற்குப் பதில் அந்த இடங்களை முதலில் படிப்பார்கள்.

எக்ஸ்பி எழுந்துவிட்டால் அன்றைக்கே அதை ஷட் டவுன் செய்து, முழு ஃபோல்டரையும் இரண்டு வேறு டிஸ்க்கில் காப்பி வையுங்கள். ஒன்று ஆபீஸில், ஒன்று முதலாளி வீட்டில். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த காப்பி காப்பி ஆகாது. உள்ளே இருக்கும் டி.பி.எஃப். கோப்புகளை மட்டும் தினமும் சாயங்காலம் தனியாக வெளியே எடுத்து வைக்கலாம், சில எம்.பி.தான் இருக்கும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது, அந்த மெஷினுக்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள்.

பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்து திரும்பப் பயன்படுத்தலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முழு ஃபார்மட் போட்டால் 197 பூஜ்யமாகி டிஸ்க் குணமானது போலத் தெரியும். எழுதும்போது கெட்ட செக்டரை ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் கொடுக்கிறது, தகட்டில் உள்ள நோய் அப்படியே இருக்கும். அதற்காக உடனே காயலான் கடைக்கும் போட வேண்டாம். டேப்போடு ஒரு கவரில் போட்டு மேசை டிராயரில் வையுங்கள். ஒரு மாதக் கணக்கு முழுதும் ரசீதோடு ஒத்துப்போன பிறகு எடுத்துப் போடலாம்.